எட்டுக் காசு முட்டை

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு உன் மாமா எழுதிக்கொண்டது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். முட்டை ஏறும், சர்க்கரை ஏறும், சோப்பு அளவில் இளைத்து விலையில் பெருக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னவன் நான். அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். தானியக் கிடங்கில் நான் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் முதலாளியே என்னை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, "அடுத்த மாசம் எது ஏறும்னு சொல்லுய்யா" என்று கேட்பார். நான் கண்ணை மூடுவேன். கிடங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். "பருப்பு" என்பேன். பருப்பு ஏறும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேலை எப்படிப் போகிறது என்று எழுது.

அக்கா முட்டைக்கடையில் சண்டை போட்டதை எழுதியிருந்தாய். விலையைக் கேட்டுவிட்டு, "கொள்ளையடிக்கிறியா?" என்று கடைக்காரனின் சட்டையைப் பிடித்தாளாமே. படித்து வெகு நேரம் சிரித்தேன். உன் அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்கு ஞாபகம் கூடிவிட்டது, அதுதான் கோளாறு. முட்டை எட்டுக் காசுக்கு விற்ற காலத்தைப் பார்த்தவள் இன்றைக்கு விற்கிற விலையைக் கேட்டால் சட்டையைப் பிடிக்காமல் மாலையா போடுவாள்?

போனில் கூப்பிடாதே, என் காது பாதியைத்தான் உள்ளே விடுகிறது. எழுத்து என்றால் நான் ராஜா. எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

மாமா

~

பிப்ரவரி 15

மாமாவுக்கு வணக்கம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கட்சி கலைந்துவிடும்.

நான் நன்றாக இருக்கிறேன். அந்தப் பெரிய கடையில் விலைச் சீட்டு ஒட்டுகிற வேலைதான் இப்போதும். இந்த வாரம் ஒட்டினதன் மேலேயே அடுத்த வாரம் இன்னொன்று ஒட்டுகிறேன். சில டப்பாக்களில் சீட்டுகள் சேர்ந்து அட்டை மாதிரித் தடித்துவிட்டன.

நான் போன கடிதத்தில் சண்டையை மட்டும் எழுதினேன். உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று மற்றதை எழுதவில்லை. அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள். தட்டு வைத்ததும் ஒவ்வொன்றாக விலை கேட்கிறாள். சொன்னால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். "எனக்கு வேணாம்மா. நான் வேலை எடத்துலயே சாப்பிட்டுட்டேன். தம்பிக்கு எடுத்து மூடி வை." தினமும் இதே பேச்சு. சலவைக்கூடத்து வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டதென்று நான் சொன்னால் என்னை யாரென்று கேட்கிறாள்.

ரவிக்கையெல்லாம் தோளிலிருந்து நழுவுகிறது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நாளில் என்னென்ன விலை இருந்தது மாமா? நீங்கள் இருவரும் தனியாக இருந்த காலத்து விலை வேண்டும். அதைச் சொன்னால் சாப்பிடுவாளோ என்று ஒரு யோசனை.

உங்கள் மருமகள்

~

மார்ச் 1

அன்பு மருமகளே,

வெந்நீர் பலிக்கவில்லை. முழங்கால் இப்போது எதிர்க்கட்சியையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

விலை கேட்க நீ சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். எழுதிக்கொள். முட்டை எட்டுக் காசு. ரொட்டி ஒரு பெரிய துண்டு மூன்று காசு. துண்டு என்றால் இப்போது விற்கிறார்களே வெற்றிலை கனத்தில், அது இல்லை, தலைக்கு வைத்துப் படுக்கலாம். பால் ஒரு டம்ளர் நாலு காசு. ஆடை தனியாக நிற்கும், அதன் மேல் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். வாழைப்பழத்துக்கு விலையே கிடையாது, சும்மா கொடுப்பார்கள்.

இதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது என்று நினைக்காதே. ஒரு நாள் அக்கா வரத் தாமதமானதால் நானே முட்டைக்கடைக்குப் போனேன். எட்டுக் காசைப் பலகையில் வீசி, "ஒரு முட்டை" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுக்கியெடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். பன்னிரண்டு வயதிலேயே அந்தத் தெருவில் எனக்கு அப்படி ஒரு மரியாதை.

எங்கள் அப்பா அம்மா போன பிறகு நாங்கள் கஷ்டப்பட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எல்லாம் கொள்ளை மலிவு. அக்காவுக்குச் சலவைக்கூடத்திலேயே மத்தியானச் சாப்பாடு இலவசம். ராத்திரிக்கும் அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். எனக்கு மட்டும்தான் வீட்டில் தட்டு. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

அக்காவிடம் இன்னொன்றையும் சொல். கிடங்கில் முதல் சம்பளம் வாங்கிய அன்று நான் அவளுக்கு ஒரு நீலக் குடை வாங்கிக் கொடுத்தேன். மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போவாள். கடையில் இருந்ததிலேயே உசத்தியான குடை. உன் அம்மாவின் கல்யாணத்தில்கூட எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

மாமா

~

மார்ச் 20

மாமாவுக்கு வணக்கம். உங்கள் கை வாழ்க.

கடையிலிருந்து பழைய விலைச் சீட்டு மெஷின் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் எழுதிய விலைகளை அடித்து முட்டை, ரொட்டிப் பொட்டலம், பால் பாத்திரம் எல்லாவற்றிலும் ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எட்டுக் காசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். ஏதோ எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் மாதிரி ஒரு சிரிப்பு. அப்புறம் பாதி முட்டை சாப்பிட்டாள். மீதிப் பாதியைத் தம்பிக்கு என்று கிண்ணத்தில் மூடி வைத்தாள்.

நான் சமையல் கட்டில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் வந்தது வினை. நான் வேலைக்குப் போகும்போது அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கண் அசந்த நேரத்தில் அம்மா முட்டைகளையெல்லாம் வாசலில் வைத்து எட்டுக் காசுக்கு வியாபாரம் செய்திருக்கிறாள். மாடிப்படி முழுக்கக் கூட்டம். எட்டுக் காசு யாரிடம் இருக்கிறது? "பரவாயில்ல, அப்புறமா குடுங்க" என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். தையல்காரம்மா வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார். மாடி வீட்டு டிரைவர் மட்டும் அதற்குள் பொரித்துத் தின்றுவிட்டார்.

குடைக் கதையை ராத்திரி தோறும் சொல்கிறேன். "ஆமா, நீலக் குடை. தம்பி வாங்கிக் குடுத்தான். பத்திரமா வெச்சிருக்கேன்" என்கிறாள். பரண், பெட்டி, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. கைப்பிடி எப்படி இருக்கும்?

உங்கள் மருமகள்

~

ஏப்ரல் 2

அன்பு மருமகளே,

பார்த்தாயா! டாக்டர் படித்துப் படித்து மண்டை காய்ந்தும் முடியாததை உன் மாமா நான் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டேன். அந்த டாக்டரிடம் என் பெயரைச் சொல். தேவைப்பட்டால் மற்ற நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறேன்.

கைப்பிடி கறுப்பு மரம். வளைவில் வெள்ளிப் பூண். விரித்தால் மயில் நிற்கிற மாதிரி இருக்கும். கடைக்காரர் சொன்ன விலையை நான் பாதியாக இறக்கினேன். கடைசியில் அவர் கண் கலங்கி, "உங்களை மாதிரி ஆளுக்கு நஷ்டத்துக்கும் தரலாம்" என்றார். துணி கிழிந்திருந்தாலும் பூண் இருக்கும், தேடு. கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, கதையைச் சொன்னால் போதும்.

முழங்காலைப் பற்றி எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும்.

மாமா

~

மே 11

மாமாவுக்கு வணக்கம். வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். முட்டை அடுக்குக்கு எதிரில் நின்று விலைச் சீட்டைத் திட்டிவிட்டு வாங்காமல் போவார். போன மாதம் பேச்சுக் கொடுத்தேன். சலவைக்கூடத்துக்குப் பின்னால் முட்டைக்கடை வைத்திருந்தவராம். எனக்கு ஒரே குஷி. "எட்டுக் காசுக்கு வித்தீங்களாமே" என்றேன்.

"யாரும்மா சொன்னது? என் கடையில விரிசல் விட்ட முட்டைகூட அந்த விலைக்குப் போனதில்ல. இருபது காசு."

நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

"சலவைக்கூடத்துப் பொண்ணா? அது தினம் ஒரே ஒரு முட்டை வாங்கும். 'என் தம்பி வந்து கேட்டா எட்டுக் காசுன்னே சொல்லுங்கண்ணே, வெல தெரிஞ்சா அவன் வாயில வெக்க மாட்டான்'னு சொல்லி வெச்சிருந்துச்சு. ஒரு நாள் அந்தப் பையனே வந்து ராஜா மாதிரி எட்டுக் காசை வீசிட்டு எடுத்துட்டுப் போனான். நான் என்னத்தச் சொல்ல? மறுநாள் அது வந்து மிச்சத்தை வெச்சுது. வேணாம்மான்னேன். கேக்கல."

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்தேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை மாமா. நீங்கள் அப்போது சின்னப் பையன்.

அம்மா இப்போதும் பாதிதான் சாப்பிடுகிறாள். மூடி வைத்த பாதியை மறுநாள் நான் கொட்டும்போது, "தம்பி ஏன் சாப்பிடல?" என்று கேட்டு அன்றைக்குத் தானும் சாப்பிட மறுக்கிறாள். நீங்கள் ஒரு தடவை வர முடியுமா? எதிரில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டால் அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்று தோன்றுகிறது.

உங்கள் மருமகள்

~

ஜூன் 28

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதம், பேனா சரியில்லை.

அந்த முட்டைக்கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. வயதானவர்கள் தங்கள் சரக்கு உசத்தி என்று காட்ட விலையை ஏற்றிச் சொல்வார்கள். நான் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன், எனக்குத் தெரியும்.

வரத்தான் ஆசை. ரயில் கட்டணம் விசாரித்தேன், அநியாயம். வண்டியில் கூட்டம் குறைந்ததும் கட்டணம் இறங்கும். இது என் கணிப்பு, எழுதி வைத்துக்கொள். இறங்கியதும் முதல் வண்டியில் நான்தான்.

அவரை மறுபடி பார்த்தால் ஒன்று கேள். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போட்டார்களா இல்லையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மாமா

~

ஜூலை 10

மாமாவுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டேன். போடவில்லை மாமா. டீயே காசுக்குத்தானாம்.

உங்கள் மருமகள்

~

ஆகஸ்ட் 21

மாமாவுக்கு வணக்கம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற மாடிக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். நலமாக இருக்கிறீர்கள், தினமும் சாயங்காலம் ரயில் நிலையம் வரை நடந்துபோய்த் திரும்பி வருகிறீர்கள் என்றார்.

அம்மா விலை கேட்பதை நிறுத்திவிட்டாள். முதலில் நல்லதென்று நினைத்தேன். சீட்டு ஒட்டாமலே தட்டு வைத்தேன். கேட்கவில்லை, சாப்பிடவும் இல்லை. ஊட்டினால் இரண்டு வாய். தம்பிக்கு எடுத்து வை என்பதையும் இப்போது சொல்வதில்லை. கிண்ணம் காலியாகவே கவிழ்ந்து கிடக்கிறது. குழாய் பற்றி டாக்டர் மறுபடியும் பேசினார். இந்த மாதம் மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

நேற்று நல்ல மழை. திடீரென்று எழுந்து கதவுப் பக்கம் போனாள். "கிடங்கு விடுற நேரம். தம்பி நனைஞ்சுட்டு வருவான். அந்தக் குடை எங்க?" என்னுடைய கறுப்புக் குடையைக் கொடுத்தேன். "இது இல்ல. அவன் வாங்கிக் குடுத்த நீலம்." அலமாரி, பாய்ச் சுருள் எல்லாவற்றையும் கலைத்தாள். மழை விடும்வரை தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

எங்கே வைத்திருப்பாள் மாமா? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் மருமகள்

~

செப்டம்பர் 2

அன்பு மருமகளுக்கு,

டிக்கெட் வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்வேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அக்காவுடனேயே இரு. கட்டணம் இறங்கவில்லை. நான் கணித்ததற்கு மாறாக இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்ணிடம் என் அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினேன். பின்னால் நின்றவர், "தாத்தா, வாங்குறதுன்னா வாங்குங்க" என்றார். வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை அவித்து வை, பழைய சீட்டை ஒட்டு. எட்டுக் காசு என்றே இருக்கட்டும், மாற்றாதே. அவள் எதிரில் உட்கார்ந்து பாதியை நான் தின்கிறேன். மீதியை அவளுக்கு நானே ஊட்டுகிறேன். தின்பாள் என்று சொல்ல மாட்டேன். இனிமேல் எதையும் கணிப்பதாக இல்லை.

அப்பா அம்மா போன புதிதில் ஒரு நாள் முட்டை இருபது காசு என்று அவள் வாய்தவறிச் சொன்னாள். "அவ்வளவா? எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளினேன். பெரிய மனுஷன் மாதிரி நடந்துகொண்டதாக எனக்கு ஒரே பெருமை. மறுநாள் புதுக் கடை ஒன்று கண்டுபிடித்ததாகச் சொன்னாள், அங்கே எட்டுக் காசு என்றாள். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு விலையைக் கேட்டதே இல்லை, கேட்காமலே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையிலும் கிடங்கிலும், அந்தக் காலத்து மலிவைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் இருக்க மாட்டான். ரொட்டி, பால் எல்லாம் அவள் எனக்குச் சொன்ன விலை. உனக்கு நான் எழுதி அனுப்பியது அதைத்தான். சீட்டைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நிறையத் தடவை படித்தேன்.

முழங்கால் நடக்கிறது. ஸ்டேஷன் வரை தினமும் நடந்து பார்த்தேன், அது தடை சொல்லவில்லை. வராமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை. கட்டணமும் இல்லை.

இனிப் பரணில் ஏறாதே. அலமாரியையும் கலைக்க வேண்டாம். அக்காவையும் தேட விடாதே, கையைப் பிடித்து உட்கார வை. முதல் சம்பளம் வாங்கிய அன்று அவளைக் குடைக்கடை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனது நிஜம். கண்ணாடிக்குள் நீலக் குடை தொங்கியது. உள்ளே போய் விலையைக் கேட்டேன். வெளியே வந்து, "மழைக்காலம் முடியட்டும்க்கா, பாதி விலைக்கு வரும். நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன். "சரிடா" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் கல்யாணத்தில் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் குடை வாங்கிக் கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் அளந்துவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பார்க்கிறேன், அவள் பின்னாலேயே நிற்கிறாள். "ஆமா, நீலக் குடை" என்றாள்.

அந்தக் குடையை நான் வாங்கவே இல்லை.

மாமா